இல்லாத பாடகிக்கு வாசிக்கும் கச்சேரி

‘தெரிந்து கொள்வோம்’ பகுதி எழுத இந்த மாதம் என் முறை. எரிமலை, தேனீ, செவ்வாய் கிரகம் எல்லாம் மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். நான் ஒரு கச்சேரியைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கச்சேரியின் பாடகி இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் மேடையில் அவர்தான் பாடுகிறார். பேய்க் கதை என்று நினைத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட வேண்டாம்.

எனக்கு இதில் ஏன் ஆசை வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழாவில் நான் பாடினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாட்டு ஞாபகம் இல்லாவிட்டாலும் நான் தடுமாறினது கட்டாயம் ஞாபகம் இருக்கும். பென் டிரைவில் கரோக்கி போட்டார்கள். பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்துக்கு முன்னால் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். இசை போய்விட்டது, நான் ஒரு வரி பின்னால் ஓடிக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்த பிறகும் எனக்கு ஒரு வரி மிச்சம் இருந்தது! வீட்டுக்கு வந்து, “அது நிக்கவே மாட்டேங்குதும்மா” என்று அழுதேன். அம்மா, “அது மிஷினு. உனக்காக எப்படிடி நிக்கும்?” என்றார். அதற்கப்புறம் காலை வழிபாட்டில்கூட நான் வாய் திறக்கவில்லை.

இதைக் கவனித்த ஆங்கில டீச்சர், மறு வாரம் ஹைடெக் லேபில் எங்களை உட்கார வைத்து ஒரு வீடியோ போட்டார். மேடை நிறைய வாத்தியக்காரர்கள். அவர்கள் தலைக்கு மேலே பெரிய திரை. திரையில் பழைய சினிமா ஓடுகிறது. ஒரு பெண் வைக்கோல் பக்கத்தில் சாய்ந்து பாடுகிறாள். அவள் குரல் படத்திலிருந்து வருகிறது. வாத்திய சத்தம் மட்டும் கீழே இருப்பவர்கள் அப்போதே வாசிப்பது. டீச்சர் என்னைப் பார்த்து, “உன் கஷ்டத்துக்கு நேர் எதிரான கஷ்டம் இது. பாரு” என்றார். அன்றைக்கு டீச்சர் சொன்னது, பிறகு நூலகத்திலும் கணினியிலும் தேடிப் படித்தது எல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாப்ஸ் என்றால் என்ன?

ஆர்க்கெஸ்ட்ரா என்றால் நமக்குத் திருவிழா ராத்திரியில் வரும் கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள்தான் ஞாபகம் வரும். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அப்படி இல்லை. அறுபது பேர் முதல் நூறு பேர் வரை உட்கார்ந்து வாசிப்பார்கள். பாதிக்கு மேல் வயலின் குடும்பம்: வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். அவர்களுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் என்று ஊதுகிற வாத்தியங்கள். இன்னும் பின்னால் டிரம்பெட், டிராம்போன். கடைசியில் தாள வாத்தியங்கள். முன்னால் குச்சி வைத்துக்கொண்டு நிற்பவரை ஆங்கிலத்தில் கண்டக்டர் என்கிறார்கள். அப்படியே எழுதினால் என் தம்பி, “டிக்கெட் குடுப்பாரா?” என்று கேட்கிறான். அதனால் இசை நடத்துநர் என்று எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லோர் முன்னாலும் ஒரு ஸ்டாண்டில் தாள் இருக்கும். வயலின்காரர் தாளில் வயலினுக்கு உரிய ஸ்வரம் மட்டும், டிரம்பெட்காரர் தாளில் டிரம்பெட்டுக்கு உரியது மட்டும். எல்லாம் சேர்ந்த பெரிய புத்தகம் நடத்துநரிடம் இருக்கும். தாள் இல்லாவிட்டால் அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தத் தாள் பின்னால் வரும், மறந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்பவர் 1881-இல் ஒரு சிம்பொனி குழுவைத் தொடங்கினார். கனமான சாஸ்திரிய இசைதான் அதன் வேலை. கோடைக்காலத்தில் ஜனங்கள் லேசான இசையும் கேட்கட்டும் என்று 1885-இல் தனிக் கச்சேரிகள் ஆரம்பித்தார்கள். ‘பாப்புலர்’ என்ற சொல்தான் சுருங்கி ‘பாப்ஸ்’ ஆனது. அரங்கத்தில் வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு மேசை போட்டு, தின்பண்டம், பானம் எல்லாம் கொடுத்தார்கள். ஆர்தர் ஃபீட்லர் என்பவர் 1930 முதல் 1979 வரை இந்த பாஸ்டன் பாப்ஸை நடத்தினார். 1976 ஜூலை 4 அன்று ஆற்றங்கரையில் அவர் நடத்திய இலவசக் கச்சேரிக்கு ஏறக்குறைய 4,00,000 பேர் வந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் பள்ளியில் 400 பேர் என்றால், இதைப்போல 1,000 பள்ளிக்கூடம் ஒரே இடத்தில்! பிறகு மற்ற நகரங்களிலும் பாப்ஸ் குழுக்கள் வந்தன. சினிமாப் பாட்டுகளை அவ்வளவு பெரிய குழுவே வாசிப்பதும், ஒரு பழைய பாடகரை நினைத்து ஒரு மாலைப் பொழுது முழுக்க வாசிப்பதும் இவர்களுக்கு வழக்கமான நிகழ்ச்சி.

அப்படி அடிக்கடி நினைக்கப்படுகிற ஒருவர்தான் அந்த வைக்கோல் பக்கத்துப் பெண். பெயர் ஜூடி கார்லண்ட். மேடைக்காக வைத்த பெயர் அது. கார்லண்ட் என்றால் ஆங்கிலத்தில் மாலை. பெயரிலேயே மாலை இருப்பவருக்கு வேறு என்ன மரியாதை செய்வது என்று நானும் யோசித்தேன்.

என்னைவிட ஒரு வயது சின்னவர்

அவருடைய சொந்தப் பெயர் ஃப்ரான்சஸ் கம். 1922 ஜூன் 10 அன்று மின்னசோட்டா மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சினிமாக் கொட்டகை வைத்திருந்தார். இரண்டரை வயதில் அந்தக் கொட்டகை மேடையிலேயே பாடினார். பிறகு இரண்டு அக்காமாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 1935-இல் எம்.ஜி.எம். என்ற பெரிய சினிமா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தபோது வயது 13.

13 என்று படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். நான் இப்போது 14. நான் வேலைக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் வருகிறேன். அவர் அந்த வயதில் பாதிப் படிப்பு, பாதி நடிப்பு. உடம்பு இளைக்க ஒரு மாத்திரை, விடிய விடிய வேலை செய்ய ஒரு மாத்திரை, தூங்க வைக்க ஒரு மாத்திரை என்று ஸ்டுடியோவில் கொடுத்தார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம் கடைசிவரை விடவில்லை. 1969 ஜூன் 22 அன்று லண்டனில், 47 வயதில், தூக்க மாத்திரை அளவு மீறி இறந்தார். தெரியாமல் நேர்ந்தது என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் சிலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

டீச்சர் காட்டின படம் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’. 1939-இல் வந்தது. அதில் ஜூடி பாடும் ‘ஓவர் த ரெயின்போ’ என்ற பாட்டுக்கு இசை ஹரால்ட் ஆர்லன், வரிகள் யிப் ஹார்பர்க். இந்தப் பாட்டின் முதல் இரண்டு ஸ்வரத்தைக் கேட்டுப் பாருங்கள். நம்ம கணக்கில் சொன்னால் கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ-வுக்கு ஒரே தாவல். நடுவில் படிக்கட்டே கிடையாது. நான் பாடிப் பார்த்தேன், பூனை கத்தினதுபோல வந்தது. அவர் பாடினால் தாவின மாதிரியே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. படம் வெளிவருவதற்கு முன் போட்டுப் பார்த்தவர்கள், இந்தப் பாட்டு கதையை இழுக்கிறது, வெட்டிவிடலாம் என்றார்களாம். சிலர் விடாப்பிடியாக நின்றதால் தப்பியது. அந்தப் பாட்டுக்குத்தான் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் கிடைத்தது. 2004-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம், அமெரிக்கப் படப் பாடல்களில் சிறந்த 100 என்று வரிசை போட்டபோது முதல் இடமும் இதற்குத்தான்.

அந்தக் காலத்தில் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகுதான் படம் பிடிப்பார்கள். 1938-இல் ஜூடி பதிவுக் கூடத்தில் பாடியபோது வாத்தியக்காரர்களும் அங்கேயே இருந்தார்கள். அவர் இழுத்தால் அவர்களும் இழுத்தார்கள். மூச்சு வாங்கினால் காத்திருந்தார்கள். கரோக்கி மாதிரி இல்லை.

பெரியவரான பிறகு ஜூடி சினிமாவை விட மேடையில்தான் அதிகம் பாடினார். 1961 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கில் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியைப் பற்றி இன்றைக்கும் எழுதுகிறார்கள். அந்தக் கட்டடத்தையே இடிக்க இருந்தார்கள். ஐசக் ஸ்டெர்ன் என்ற வயலின் கலைஞர் முன்னின்று போராட, 1960-இல் நகர நிர்வாகம் வாங்கிக் காப்பாற்றியது. மறு வருஷம் இந்தக் கச்சேரி. நடத்துநர் மார்ட் லிண்ட்சே. ஜூடி மேடைக்கு வருவதற்கு முன்பே குழு அவருடைய பழைய பாட்டுகளின் மெட்டுகளைக் கோர்த்து வாசித்தது. சுமார் 2,800 இருக்கை உள்ள மண்டபம் முழுக்க நிறைந்திருந்தது. அந்தப் பதிவு இரட்டை இசைத்தட்டாக வந்து 13 வாரம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது 1962-இல் அதற்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் பெண் இவர்தான்.

2006 ஜூனில் ரூஃபஸ் வெயின்ரைட் என்ற பாடகர் அதே கார்னகி ஹாலில் ஆர்க்கெஸ்ட்ரா வைத்து, ஜூடி அன்றைக்குப் பாடின பாட்டுகளை எல்லாம் திரும்பப் பாடினார். ஜூடியின் மகள் லோர்னா லஃப்டும் வந்து ஒரு பாட்டுப் பாடினார். அம்மா நின்ற மேடையில் நின்று பாடியிருக்கிறார். எப்படித்தான் தொண்டை அடைக்காமல் பாடினாரோ.

தாள் எங்கே போனது?

ஒரு பாட்டுக்கு இசையமைப்பாளர் மெட்டுப் போட்டால் மட்டும் போதாது. எந்த இடத்தில் எந்த வாத்தியம், எத்தனை வயலின், எங்கே டிரம்பெட் சும்மா இருக்க வேண்டும் என்று பிரித்து எழுத ஒருவர் வேண்டும். ‘ஓவர் த ரெயின்போ’வுக்கு அதைச் செய்தவர் மர்ரி கட்டர். 1944-இல் வந்த ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ படத்தில் ஜூடி டிராம் வண்டியில் பாடும் பாட்டுக்குச் செய்தவர் கொன்ராட் சாலிஞ்சர். நட்சத்திரத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் போன மாதம்வரை தெரியாது.

இவர்கள் எழுதின தாள்கள் எல்லாம் எம்.ஜி.எம். நிறுவனத்தின் இசை நூலகத்தில் அடுக்கு அடுக்காக இருந்தன. 1969-இல் நிறுவனம் கை மாறியது. இடத்தைக் காலி செய்யப் பழைய பொருட்களை ஏலம் விட்டார்கள். ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஜூடி போட்டிருந்த சிவப்புக் காலணி ஒரு ஜோடி 1970 மே மாதம் 15,000 டாலருக்குப் போனது. அதே காலத்தில்தான் இசைத் தாள்களை என்ன செய்தார்கள் தெரியுமா? குப்பையோடு சேர்த்துப் பள்ளம் நிரப்பக் கொட்டிவிட்டார்கள். வாத்தியக்காரர்களின் தாள்கள், நடத்துநரின் பெரிய புத்தகங்கள் எல்லாம்.

காலணிக் கதை இன்னும் முடியவில்லை. படத்துக்காகப் பல ஜோடி செய்திருந்தார்கள். வேறொரு ஜோடி, ஜூடி பிறந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருந்து 2005-இல் திருடு போய், 2018-இல் கிடைத்து, 2024 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. கட்டணங்கள் சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலர். நம்ம பணத்தில் சுமார் 275 கோடி ரூபாய்! எண்ணிக்கையில் பூஜ்யத்தைச் சரிபார்க்க கணக்கு சாரிடம் காட்டினேன். அவரும் இரண்டு தடவை எண்ணினார். காலில் போட்டதை இத்தனை பத்திரமாக வைத்தவர்கள், காதில் கேட்டதை ஏன் கொட்டினார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, தாள் போய்விட்டது. பிறகு எப்படி இன்றைக்கு ஆர்க்கெஸ்ட்ராக்கள் அதே பாட்டை அதே மாதிரி வாசிக்கின்றன? காதால் கேட்டு மறுபடி எழுதினார்கள்.

ஜான் வில்சன் என்று ஒருவர். 1972-இல் இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் பிறந்தவர், இசை நடத்துநர். எம்.ஜி.எம். படங்களின் பழைய சுருக்கப் பிரதிகள் பல தப்பியிருந்தன. சுருக்கப் பிரதி என்றால் மெட்டும் சுரக்கூட்டும் மூன்று நான்கு வரியில் அடங்கிய குறிப்பு. நாம் பரீட்சைக்கு முன் எழுதிக்கொள்ளும் குறிப்பு மாதிரி. அதையும் படத்தின் ஒலியையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். வருஷக்கணக்காக ஆனது. படத்தில் எல்லா வாத்தியமும் ஒரே தடத்தில் கலந்து கிடக்கும். மேலே பேச்சு, காற்று, கதவுச் சத்தம். அதற்குள் இரண்டாவது கிளாரினெட் என்ன வாசித்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். 2009 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவருடைய குழு எம்.ஜி.எம். படப் பாட்டுகளை வாசித்தது. மண்ணுக்குள் போன தாள்களின் இசையை அத்தனை பேரும் நேரில் கேட்டார்கள்.

இது எவ்வளவு கஷ்டம் என்று நானும் என் பெஞ்ச் தோழியும் சோதித்துப் பார்த்தோம். ஜூடி பாட்டில் 20 விநாடி மட்டும். என்னென்ன வாத்தியம் கேட்கிறது என்று எழுத வேண்டும், ஸ்வரம்கூட வேண்டாம். மூன்று சாயங்காலம் ஆனது. முதல் நாள் ‘வயலின்’ என்று மட்டும் எழுதினோம். இரண்டாம் நாள் வயலினுக்கு அடியில் ஏதோ ஊதுவது கேட்டது. அது ஓபோவா கிளாரினெட்டா என்று எங்களுக்குள் சண்டை. மூன்றாம் நாள் ஹெட்போனைக் காதில் அழுத்திக் கேட்டபோது, முதல் இரண்டு நாளும் கேட்கவே இல்லாத ஒரு மணிச் சத்தம் மாதிரி ஒன்று. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது!

நேர் எதிரான கஷ்டம்

இப்போது டீச்சர் காட்டின வீடியோவுக்குத் திரும்பி வருகிறேன். அதில் படத்திலிருந்து வாத்திய இசையை எடுத்துவிட்டு, ஜூடியின் குரலை மட்டும் விட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும் பாடகி என்றால் நடத்துநர் அவர் முகத்தைப் பார்க்கலாம். கொஞ்சம் இழுத்தால் குச்சியைக் கொஞ்சம் தாமதிக்கலாம். திரையில் இருப்பவர் யாருக்காகவும் நிற்க மாட்டார். 1938-இல் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கேதான் எடுப்பார். எனக்கு வாத்தியம் நிற்கவில்லை, இவர்களுக்குக் குரல் நிற்காது.

அதற்காக நடத்துநர் முன்னால் ஒரு சின்னத் திரை வைக்கிறார்கள். அதில் படம் ஓடும். ஒரு நிறக்கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகரும். அது போய்ச் சேர்கிற நொடியில் பளிச்சென்று ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளியில் தாளம் விழ வேண்டும். சில கச்சேரிகளில் காதில் டிக் டிக் என்று தாள ஒலியும் கொடுப்பார்கள். ஆனால் கோடும் புள்ளியும் இடத்தைத்தான் காட்டும். இரண்டு புள்ளிக்கு நடுவில் அவர் எங்கே மெதுவாகிறார், எந்த எழுத்தில் சாய்கிறார் என்பதை நடத்துநர் முன்கூட்டியே கேட்டுக் கேட்டு வைத்திருக்க வேண்டும். வீடியோவில் ஓர் இடம். ஜூடி ஒரு வரியை முடித்து மூச்சு எடுக்கிறார். அதே நொடியில் முன்வரிசை வயலின்காரர்கள் எல்லோரும் வில்லைத் தூக்குகிறார்கள். அவர்களும் சேர்ந்து மூச்சு எடுத்தது மாதிரி இருந்தது. டீச்சரை அந்த இடத்தை நான்கு தடவை போடச் சொன்னோம்.

அப்புறம் ஒரு நாள் நான் அந்த ஆண்டு விழா கரோக்கியை அண்ணன் போனில் மறுபடி போட்டேன். பாடவில்லை. கேட்க மட்டும் செய்தேன். சரணத்துக்கு முன்னால் தபலா ஒரு சின்னத் திருப்பம் திரும்புகிறது. அதுதான் ‘இப்போ வா’ என்று கூப்பிடுகிற இடம். அன்றைக்கு மேடையிலும் அது கூப்பிட்டிருக்கும், நான்தான் என் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நோட்டில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஐந்து தடவை பாடினதில் மூன்று தடவை சரியாகப் பிடித்துவிட்டேன். மற்ற இரண்டு தடவையும் தம்பி சிரிப்புக் காட்டினான்.

நாங்கள் எழுதின 20 விநாடிப் பட்டியலை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். மூன்றாவது வரி காலியாக இருக்கும். ஊதுகிற அந்த வாத்தியம் எது என்று இன்னும் தீரவில்லை. டீச்சரிடம் கேட்டால் லேபில் பாட்டைப் போடுவார். கேட்டுவிட்டு உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். பென்சிலால் மட்டும். பேனாவால் எழுதினால் அழிக்க முடியாது.